பரிமளாவுக்காக நான் எழுதாமல் விட்ட வரி

பரிமளா இறந்துபோன செய்தி எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. பள்ளியில் பிரேயர் மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. “லேப்டாப் கடை பரிமளா மேடம் காலமானார். நான்கு நாள் காய்ச்சல்” என்று ஒருவர் போட்டிருந்தார். அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நான் எதையும் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதே குழுவில், மூன்று வருடங்களுக்கு முன்னால், அவரைப் பற்றி நான் எழுதிய ஒரு செய்தி இருக்கிறது. உங்களில் பலர் அதைப் படித்தவர்கள். அதனால் இதையும் நீங்கள் படிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருந்துக்கடை மாடியில் அவருடைய லேப்டாப் ரிப்பேர் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, கம்மல் செய்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்வது மாதிரி ஒரு லென்ஸ். லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லி, “மேடம், எட்டு ஜிபி மெமரி இன்னா விலை?” என்று போனில் கேட்டால் விலை சொல்ல மாட்டார். “லேப்டாப்ப எடுத்துக்கினு வாங்க சார்” என்பதோடு வைத்துவிடுவார். எனக்கு அது திமிராகப் பட்டது. கணக்கு வாத்தியார் நான். கேள்வி கேட்டால் விடை வர வேண்டும் என்பவன்.

கொண்டு போனால் பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஏற்கெனவே இருக்கும் மெமரியை உருவி, லென்ஸில் வைத்து அதன் மேல் அச்சடித்திருப்பதை எழுத்து எழுத்தாக ஒரு சீட்டில் எழுதுவார். எந்தத் தலைமுறை, எத்தனை வோல்ட், என்ன வேகம், அந்த மெஷின் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும், காலி இடம் உண்டா, எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டை மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் விலை பேசுவார். “எல்லாரும் எவ்ளோ ஜிபின்னுதான் சார் கேக்கறீங்க. சட்டைய கலர் மட்டும் பாத்து வாங்குவீங்களா?” என்பார்.

வெள்ளிமலையிலிருந்து ஓர் ஆசிரியை மலைப் பேருந்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். திறந்து பார்த்த பரிமளா, மூடியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். “இதுல மெமரிய கம்பெனிலயே போர்டோட பத்த வச்சி அனுப்பிட்டாங்க டீச்சர். மாத்தவும் முடியாது, சேக்கவும் எடம் இல்ல. யாராவது போட்டுத் தரேன்னு சொன்னா நம்பாதீங்க.” பிறகு, தேவையில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களை நிறுத்திக் கொடுத்தார். மெஷின் ஓரளவு வேகம் பிடித்தது. அந்த ஆசிரியை எவ்வளவு என்று கேட்டதற்கு, “நான் புதுசா ஒண்ணும் போடலியே, காசு எதுக்கு” என்றார்.

இனி என் கதை. அவரிடம் என் லேப்டாப்பின் ஃபேனைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். மெமரியும் கூட்ட வேண்டும் என்றதும் சீட்டு எழுதி ஒட்டினார். அதில் 1.35 வோல்ட் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். நான் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பி வந்து, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததை வாங்கினேன். எட்டு ஜிபி சரி, நீளம் சரி, நடுவில் இருக்கும் பள்ளம் சரி. அது 1.5 வோல்ட். பள்ளி முழுவதற்கும் தசமம் சொல்லிக் கொடுக்கிறவன் இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவில்லை. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். சொகுசாகப் போய் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது.

அரையாண்டு வினாத்தாள் எல்லாம் அதற்குள் இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஃபேனைத் துடைத்தபோதே ஏதோ கெடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, குழுவில் எழுதினேன்: “பரிமளா கடையில் ஃபேன் சுத்தம் செய்யக் கொடுத்தேன். போர்டே போய்விட்டது. பெண்பிள்ளை கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் இதுதான் கதி. யாரும் ஏமாறாதீர்கள்.” அந்த வாக்கியத்தை இப்போது எழுதவே கை கூசுகிறது. அன்று அதற்கு முப்பது பேர் கட்டைவிரல் காட்டினீர்கள்.

அடுத்த நாள் கடைக்குப் போய், அங்கே இருந்த வாடிக்கையாளர் இருவர் முன்னால் கத்தினேன். அவர் என் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்தார், மெமரியை உருவினார், லென்ஸை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே படிங்க சார்.”

படித்தேன்.

“பள்ளம் ஒத்துப்போச்சுன்னு மாட்டிட்டீங்க. இதுக்கு வோல்ட் ஜாஸ்தி வேணும். உங்க மெஷின் அவ்ளோ குடுக்காது. யாரும் கெட்டுப் போவல, ரெண்டும் ஒத்துக்கல, அவ்ளோதான்.”

என் பையிலிருந்த பழையதை வாங்கி மாட்டினார். திரை வெளிச்சமாயிற்று. அந்த இரண்டு பேரும் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் “மன்னிச்சுடும்மா” என்றேன். அவர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னார்: “உங்க ஸ்கூல் சார் ஒருத்தர் க்ரூப்புல வந்தத காட்டினாரு. அங்க எழுதனத இங்க வந்து தனியா சொன்னா எப்படி சார்? அங்கயே ஒரு வரி எழுதிடுங்க. அது போதும்.”

எழுதுகிறேன் என்றேன். பேருந்தில் உட்கார்ந்து எழுதினேன், அழித்தேன். தலைமையாசிரியர் படிப்பார், நான் திட்டிய பையன்களின் அப்பாக்கள் காதுக்கும் போகும். நாளைக்கு என்று விட்டேன். சரியான மெமரியை அவரிடமே வாங்கி மாட்டிக்கொண்டேன். அதன் பிறகும் பல முறை அந்த மாடிக்குப் போயிருக்கிறேன். ஒரே ஒரு முறை, “எழுதிட்டீங்களா சார்?” என்று கேட்டார். நெட் கிடைக்கவில்லை என்றேன், கள்ளக்குறிச்சி நடுவில் நின்றுகொண்டு. ஆசிரியர் கூட்டம் அங்கே குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும். பிறகு வரும்படிக்காக மேசை ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் வந்தது. அவர் கைத்திறமைக்கு அது தேவையே இல்லை.

செய்தி வந்த அன்று மதியம் நடந்ததைச் சுருக்கமாகக் குழுவில் எழுதினேன். உடனே அவர் வீடு இருக்கும் மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். அவர் கணவர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். அவரிடம் போனை நீட்டினேன். நிதானமாகப் படித்தார். “வூட்டுக்கு வந்து இத ரெண்டு மூணு வாட்டி சொல்லிக்கினு இருந்தா சார். அவ இருக்கறப்ப போட்டிருந்தீங்கன்னா சந்தோஷப்பட்டிருப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

நேற்று பத்தாம் வகுப்பில் ஒரு மாணவியின் விடை தப்பு என்று அவளை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்தேன். இடைவேளையில் போட்டுப் பார்த்தால் அவள் விடை சரி. முன்பென்றால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மிட்டாய் கொடுத்துச் சமாளித்திருப்பேன். நேற்று அதே வகுப்புக்குத் திரும்பிப் போய், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, “தப்பு என்னுடையது, அவள் போட்டதுதான் சரி” என்றேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். பரிமளாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். அவர் தலை நிமிர்வதை நான் பார்த்திருக்கலாம். ஒரு வரிதான் கேட்டார்.