படைக்குமுன் எடுத்த பொங்கல்

என் அப்பா படையல் தொடமாட்டார். தெல்லிப்பழையில் இது ஊரறிந்த செய்தி. எங்களைப்போன்ற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், சிலர் கோயில் வடையை மறைவாக ஒரு கடி கடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வதுண்டு. அப்பாவிடம் அந்தக் கதையே கிடையாது. படைத்தவரைத்தான் கும்பிடலாம், அவர் படைத்த சூரியனையோ கல்லையோ கும்பிடக்கூடாது, அவற்றுக்கு வைத்ததைத் தின்னவும் கூடாது. அவருடைய உலகம் அவ்வளவு தெளிவானது. எனக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை.

பக்கத்து வீட்டு மாமி சைவம். ஆனாலும் தைப்பொங்கலன்று எங்களுக்குப் பொங்கல் வராமல் இருந்ததில்லை. "படைக்க முன்னமே எடுத்து வைச்சது" என்று சொல்லி ஒரு கோப்பை நிறைய வேலிக்கு மேலால் நீட்டுவார். நாங்கள் சுடச்சுடத் தின்போம். வேலிக்கு அந்தப் பக்கம் அது எப்படி எடுக்கப்படுகிறது என்று யாரும் யோசித்ததில்லை.

தொண்ணூறில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தது. அரியாலையில் ஒரு வீட்டின் முன்னறை எங்களுக்கும் பின்னறை மாமி குடும்பத்துக்கும் கிடைத்தன. இப்போது நடுவில் வேலி இல்லை, ஒரே முற்றம். அடுத்த தைப்பொங்கலுக்கு மாமி எங்கெங்கோ அலைந்து கொஞ்சம் பச்சையரிசி தேடிப்பிடித்து, சர்க்கரை இல்லாததால் பனங்கட்டி போட்டு, ஒரு சின்னப் பானையில் பொங்கினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா தலைவாழை இலையை விரித்து, சூரியனுக்குப் படைக்கக் காத்திருந்தார். மாமி அகப்பையை எடுத்தார். முதல் அகப்பை இலைக்குப் போகவில்லை. எங்கள் கோப்பைக்குள் விழுந்தது. மாமியின் சின்ன மகன் பதறிப்போனான்.

"அம்மா, படைக்க முன்னம் குடுக்கிறியளே! சூரியன் கோவிக்கமாட்டாரே?"

"அவர் பொறுப்பாரடா. மாஸ்டர்தான் பொறுக்கமாட்டார்" என்று மாமி சிரித்தார்.

பள்ளிக்கூட ஆசிரியரான அப்பாவைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. சூரியனே எங்கள் அப்பாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்! ஆவலோடு கோப்பைக்குக் கை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. கோப்பையை வாங்கி வாங்குப் பலகைமேல் வைத்து, வாழையிலைத் துண்டால் மூடினார்.

"நீங்கள் முதல் படையுங்கோ, தங்கச்சி. நாங்கள் பிறகு சாப்பிடுறம்."

அவர்கள் கற்பூரம் கொளுத்தித் தேவாரம் பாடினார்கள். அப்பா கும்பிடவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு, முடியும்வரை அசையாமல் நின்றார். எனக்கு வயிறு காந்தியது. அப்பா கட்சி மாறிவிட்டாரோ என்ற பயம் வேறு. எல்லாம் முடிந்தபிறகு ஆறிப்போன எங்கள் கோப்பையைத்தான் திறந்தார். அன்றும் அவர் படையல் தொடவில்லை. அப்படி நிமிர்ந்தும் பணிந்தும் ஒரே நேரத்தில் நிற்கத் தெரிந்த வேறொருவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

சூரியன் பொறுப்பார், மாஸ்டர் பொறுக்கமாட்டார் என்று மாமி சொன்னதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பாவுக்குக் கிடைத்த பெரிய புகழ் அது என்றே நினைத்தேன். வீட்டில் ஒருமுறை சொன்னபோது மட்டும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அப்பாவின் நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக மாமி ஆண்டுதோறும் தன் நம்பிக்கையில் ஓர் அகப்பை குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.