இஸ்திரிப் பெட்டி மேல் போட்ட பழி

அந்தச் சட்டை தைக்கும் பட்டறையில் எலக்ட்ரீஷியனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருட அனுபவம். ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் வினையாகப் போனது.

இஸ்திரி மேசைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்துவிடும் தனி பிரேக்கர். ஜன்னலோர மேசையில் ஒன்பது வருடமாக வேலை பார்த்தவளை சின்னவள் முதல் பெரியவர் வரை அயர்ன் அக்கா என்பார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் பெட்டியை ஆன் செய்ததும் பிரேக்கர் டப்பென்று விழுந்தது. தூக்கிவிட்டால் நிற்கும், பெட்டியைப் போட்டால் விழும்.

டாக்டருக்கு அன்றைக்கு மேல்மாடியில் வேறு வேலை. கசிவு பார்க்கும் மீட்டர் இடுப்பிலேயே தொங்கியது. எடுக்கவில்லை. பெட்டியை ஒரு குலுக்கு குலுக்கினார், உள்ளே தண்ணீர் சளசளத்தது.

"அளவுக்கு மேல தண்ணி ஊத்துறீங்க. உள்ள இறங்கி ஷார்ட் ஆகுது. வேற என்ன?" என்றார் சத்தமாக.

"கோடு தாண்டி நான் ஊத்தவே மாட்டேனேண்ணே."

"பெட்டி பொய் சொல்லுமா?"

யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளர் அங்கேயே நின்றிருந்தார். எட்டு நாள் கழித்துத்தான் புதுப் பெட்டி வந்தது. அதைப் போடும் வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. அயர்ன் அக்காவை முதல் நாளே மூலையில் உட்காரவைத்து நூல் பிசிறு வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

புதுப் பெட்டியும் பிரேக்கரைத் தட்டிவிட்டது.

இந்த முறை டாக்டர் முறையாகப் பார்த்தார். பெட்டியின் உடம்புக்கும் பிளக் முனைகளுக்கும் நடுவில் மீட்டரை வைத்தார், கசிவு இல்லை. அடுத்த மேசையில் செருகினார், சமர்த்தாகச் சூடேறியது. அலமாரியில் கிடந்த பழைய பெட்டியைக் கொண்டுவந்து அதே மேசையில் போட்டார். அதுவும் வேலை செய்தது. கோளாறு சுவரில்தான். அந்தச் சுவர் சாக்கெட்டை மாற்றியவர் அவர்தான், இரண்டு மாதத்துக்கு முன்பு.

பிரேக்கரை இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினார். மின்சாரம் திரும்பிப் போகும் கறுப்பு வயரும் பச்சை எர்த் வயரும் மூடியின் ஒரே திருகின் கீழ் நசுங்கி, நாளடைவில் தோல் கிழிந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. செல்போன் சார்ஜர் போட்டால் ஒன்றும் ஆகாது. இஸ்திரிப் பெட்டி இழுக்கும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாக ஓடிவிடும். போனது முழுதாகத் திரும்பவில்லை என்று பிரேக்கர் விழும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

வயரை வெட்டி, புதிதாக முடிந்து, மூடியை மாட்டினார். பெட்டி சூடேறியது.

"என்ன டாக்டரே, என்னவாம்?" என்றார் மேற்பார்வையாளர்.

"பழைய லைன்ல... சின்ன லூசு. சரி பண்ணிட்டேன்."

மென்று விழுங்கிச் சொன்ன அந்தப் பொய்க்கு ஒரு டீயும் கிடைத்தது. டம்ளரோடு மூலையைக் கடந்தபோது அயர்ன் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னப்போ ரோஷமா இருந்துச்சுண்ணே. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். கை தவறி ஊத்தியிருப்பேன்போல. இப்பல்லாம் வீட்டுல குடத்துல தண்ணி ஊத்துறப்பகூட பயந்து பயந்து ஊத்துறேன்."

டாக்டர் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறிவிட்டார்.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தவரை மனைவி குடைந்து குடைந்து கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "நாளைக்கு அவங்களைத் தனியாப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுறேன்" என்றார்.

"தப்புன்னு சொன்னது பத்துப் பேர் கேக்க. தப்பில்லன்னு சொல்றது மட்டும் காதோட காதாவா?" என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் பட்டறை நடுவில் போய் நின்றார். காது மடல் நெருப்பாய் எரிந்தது. "அந்த அக்கா மேல தப்பே இல்ல. சாக்கெட்ல வயரை நசுக்கினது நான். பாக்காமலே பழி போட்டதும் நான். நேத்து லைன்ல லூசுன்னு சொன்னதும் பொய்."

அயர்ன் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் ஊத்துனது சரிதானா?"

"சரிதான்மா."

"பத்து நாளா என் கையையே நான் நம்பல, தெரியுமா?" என்றாள். குரல் உடைந்தது. அண்ணே என்று சொல்லவில்லை. எழுந்து நேராக ஜன்னலோர மேசைக்குப் போனாள். அங்கே நின்றிருந்த பெண் விலகி இடம் விட்டாள். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

டாக்டரை யாரும் திட்டவில்லை. மதியம் வரை பக்கத்தில் வரவும் இல்லை. அவராகவே தான் மாற்றியிருந்த மற்ற சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஐந்தாவதில் அதே மாதிரி வயர் நசுங்கியிருந்தது. தோல் மட்டும் இன்னும் கிழியவில்லை. யாரும் பார்க்கவில்லை. அவர் நினைத்திருந்தால் அப்படியே மூடிவிட்டிருக்கலாம்.

"சார், இங்க வாங்க. இதுவும் என் கைவேலைதான்" என்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

ஜன்னலோரம் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.