ஏலம் போன சுவர்த் தொங்கல்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை கொஞ்ச நேரம், ஏலம் வெகுநேரம். விளைந்ததில் முதல் பங்கு கர்த்தருக்கு என்பது ஏற்பாடு. பொழிச்சலூரில் யார் வீட்டில் என்ன விளைகிறது? மொட்டைமாடித் தொட்டியில் நாலு கத்திரிக்காய் காய்த்தால் உண்டு. அதனால் விளைந்தது, சமைத்தது, தைத்தது எல்லாமே மேஜைக்கு வரும். பந்தலில் குவிந்த மேஜைக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு ஒரு புடலங்காய்க்காக கௌரவம் பார்த்து மோதிக்கொள்வார்கள். வசூல் சபைக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டிலிருந்து வருஷா வருஷம் போவது என் மாமியாரின் எலுமிச்சை ஊறுகாய். அதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருக்கும். அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைப்பதுதான் மருமகளாக வந்த நாளிலிருந்து என் பங்கு. போன முறை ஒரு பெண்மணி, "நீ எதுவும் செய்றதில்லையாம்மா?" என்று என்னைக் கேட்டார். அவர் அடுத்த நிமிடமே மறந்திருப்பார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த பண்டிகைக்கு என் கையால் செய்த ஒன்று போகவேண்டும், எங்கள் வீட்டு ஆள் அல்லாத ஒரே ஒருவராவது அதைக் கை தூக்கிக் கேட்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சமையலில் அத்தையோடு மோத எனக்குப் பைத்தியமா? கைபேசியில் ஒரு பெண் மேக்ரமே செய்துகாட்டினாள். கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டுச் சுவரில் தொங்கவிடுவது. ஊசி இல்லை, அடுப்பு இல்லை, அத்தை கருத்துச் சொல்ல இடமே இல்லை. அதுவே எனக்குப் பிடித்துவிட்டது.

தாம்பரம் மார்க்கெட்டில் பருத்திக் கயிறு கேட்டேன். கடைக்காரர், "கிணத்துக்கா, மாட்டுக்கா?" என்றார். சுவருக்கு என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய கயிற்றுக் கண்டை எடுத்துப் போட்டார்.

அடுத்து, கயிற்றைக் கட்டித் தொங்கவிட ஒரு கம்பு வேண்டும். வீடியோக்காரி கடற்கரையில் ஒதுங்கிய கிளை ஒன்றை எடுத்துக்கொண்டாள். எங்களுக்குப் பக்கத்தில் ஓடுவது அடையாறு. அதில் ஒதுங்குவதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஆகவே ஒட்டடைக்கம்பின் அடியில் ஒரு முழம் அறுத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்வரை யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தேன். மறு வாரமே அத்தையின் கண்ணில் ஃபேனுக்கு மேலே ஒட்டடை பட்டது. கம்பை நீட்டினார், எட்டவில்லை. கம்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வயதானால் மனிதருக்கு உயரம் குறையும் என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

கம்பை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வேலையைத் தொடங்கினேன். நாலு கயிற்றில் நடு இரண்டை விட்டுவிட்டு, ஓரத்துக் கயிறுகளால் இடப்பக்கமிருந்து ஒரு முறை, வலப்பக்கமிருந்து ஒரு முறை போட்டு இறுக்கினால் ஒரு முடிச்சு. மாற்றி மாற்றிப் போடவேண்டும் என்பதுதான் சூட்சுமம். குக்கர் விசிலடித்தால் நான் எழுந்து ஓடுவேன். திரும்பி வந்தால் கடைசியாக எந்தப் பக்கம் போட்டேன் என்பது மறந்துபோயிருக்கும். அதே பக்கமே திரும்பத் திரும்பப் போட்டால் பட்டையாக வரவேண்டியது முறுக்கிக்கொள்ளும். என் தொங்கலில் எங்கெல்லாம் முறுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் பருப்பு வெந்துகொண்டிருந்தது என்று பொருள். கேட்டவர்களிடம் அது டிசைன் என்று சொல்லிவைத்தேன்.

கயிற்றைத் தேவைக்குப் பல மடங்கு நீளமாக வெட்டவேண்டும் என்பதை அந்தப் புண்ணியவதி வீடியோவின் கடைசியில் சொன்னாள். நான் ஆரம்பத்திலேயே வெட்டிவிட்டேன். இடது பக்கம் பாதியில் கயிறு தீர்ந்தது. அதற்குச் சமமாக வலதை வெட்டினேன், வலது குட்டையாகிவிட்டது. இடதைக் கொஞ்சம் வெட்டினேன். மறுபடி வலது நீண்டு தெரிந்தது. இடுப்பளவு வரவேண்டியது ஒரு முழத்தில் வந்து நின்றது. மிச்சமிருந்த நுனிகளைப் பிரித்து, பேன் சீப்பால் வாரிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்ன இது என்று கேட்டார். அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். ஏலத்தில் யாருமே கேட்காவிட்டால் மட்டும், மானத்தைக் காப்பாற்ற அவர் கேட்கவேண்டும். வேறு யாராவது கை தூக்கினால் வாயைத் திறக்கக்கூடாது.

பண்டிகையன்று எனக்கு வாசலோரம் டீ ஸ்டாலில் வேலை. அங்கிருந்து பார்த்தால் ஆண்கள் பக்கம் தெரியும். பெண்கள் பக்கத்தை பஜ்ஜிக் கடைக் கூட்டம் மறைத்துவிட்டது. வாழைத்தார் போனது, சேவல் போனது, ஊறுகாய் வழக்கம்போல் அடிதடியில் போனது. பிறகு ஏலம் விடும் பெரியவர் என்னுடையதைத் தூக்கிக் காட்டினார். சுவரில் மாட்டலாம், ஜன்னலில் மாட்டினால் கொசுவும் வராது என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். பந்தல் சிரித்தது. யாரும் கேட்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்காரர் பயந்துபோய்க் கை தூக்கினார்.

"பெண்கள் பக்கம் ஒருத்தர் ஏத்துறாங்க" என்றார் பெரியவர்.

டீ வழிந்ததை நான் கவனிக்கவில்லை. யாரோ ஒருத்தி என் முடிச்சுகளைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டாள்! பெருங்களத்தூர் புது ஃபிளாட்டில் குடியேறியவளாக இருக்கும், வெள்ளைச் சுவருக்கு ஏதாவது தேடிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்கு ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரைப் பார்த்து, போதும் விடுங்கள் என்று டீ வடிகட்டியை ஆட்டினேன். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் விடாதே மச்சான் என்று வேறு ஏற்றிவிட்டார்கள். அவள் ஏற்ற, இவர் ஏற்ற, கடைசியில் மூணு தரம் சொல்லி இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டாலை விட்டுவிட்டு நேரே அவரிடம் போனேன். உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ரசிகையைத் தோற்கடித்துவிட்டீர்களே என்று காதருகே போய்க் கத்தினேன். அவர் வழி கண்டுபிடித்தார். ஏலத்தில் எடுத்ததைத் திரும்ப சபைக்கே கொடுத்து இன்னொரு தரம் ஏலம் விடச் சொல்வது எங்களிடம் வழக்கம். ஒரே கோழி மூன்று பேரிடம் போய் வந்ததுண்டு. அவரும் பெரிய மனதோடு கொடுத்துவிட்டார்.

இரண்டாம் முறை பெரியவர் வாயைத் திறந்ததும் விமானம் ஒன்று தலைக்கு மேலே இறங்கியது. விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஜெபம்கூட விமானத்துக்காக நின்று காத்திருக்கும். சத்தம் தேய்ந்தது. ஆண்கள் பக்கம் ஒரு கைகூட எழவில்லை. பெண்கள் பக்கம் அதே கை என்றார் அவர். வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

என் ரசிகையின் முகத்தைப் பார்க்க பஜ்ஜிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புடவையைச் சரிசெய்தபடி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டவர் என் மாமியார்.

திரும்பும்போது ஆட்டோவில் அதை மடியில் வைத்திருந்தார். போட்டிக்கு நின்றது பெற்ற பிள்ளை என்று தெரிந்ததும் அவனை ஒரு பாட்டம் திட்டினார். நான் மெல்ல, ஏன் அத்தை கேட்டீர்கள் என்றேன்.

"இடது பக்கம் கோணிக்கினு இருக்கு. இதை எவளாவது வாங்கிட்டுப் போய் மாட்டி, பாக்கறவங்ககிட்ட எல்லாம் நம்ம வீட்டைச் சொல்லுவா. கோணல் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

எனக்கு அழுகை முட்டியது. வெளியார் ஒருவர்கூட இல்லை, கேட்ட இரண்டு கையும் எங்கள் வீட்டுக் கை.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால் அது கூடத்தில் மாட்டியிருந்தது. வெளியே போனால் மானம் போய்விடும் என்று வாங்கியதை, கதவைத் திறந்ததும் வருகிறவர் கண்ணில் படுகிற சுவரில் மாட்டியிருந்தார்.

அந்த மாதமே பம்மலிலிருந்து பாடகர் குழுப் பெண்மணி ஒருவர் ஜெபத்துக்கு வந்தார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தவர் சுவரைப் பார்த்தார். நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். மருமகள் செய்தது, ஏலத்தில் கடும் போட்டிக்கு நடுவில் எடுத்தேன் என்றார் அத்தை. பெண்மணி என் பக்கம் திரும்பி, எனக்கும் ஒன்று செய்து தருவாயா என்றார். நான் சந்தோஷத்தில் தலையாட்டப் போனேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"சும்மால்லாம் கிடைக்காது. அடுத்த பண்டிகைக்கு வந்து ஏலத்துல கேட்டு எடுத்துக்கோ. போட்டி பலமா இருக்கும், சொல்லிட்டேன்."

போட்டி அப்போது உள்ளறையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தது.