தவறான வினாவுக்குச் சரியான விடை எழுதிய ஷம்ஷாத் அக்கா

கடந்த வியாழக்கிழமை காலை அலுவலகம் போகும் வழியில், குரோம்பேட்டை சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது முரளி போன் செய்தான். எங்களோடு எம்.சி.ஏ. படித்தவன். "ஷம்ஷாத் அக்கா போயிட்டாங்க வசந்தி" என்றான். துக்கத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல் வந்தது. அதை மறைப்பானேன். அவரோடு பழகிய இந்த ஏழெட்டு வருடங்களில் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றவை எல்லாம் அதன் பின்னால்தான் வரும். அன்றும் அப்படியே வந்தன. பல்லாவரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், தாம்பரம் செல்லும் பேருந்தில் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷம்ஷாத் அக்கா என் வகுப்புத் தோழி. புத்தாயிரம் பிறந்த புதிதில் நாங்கள் எம்.சி.ஏ. சேர்ந்தபோது எங்களுக்கெல்லாம் இருபத்தோரு வயது. அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு திருமணம். மகள் ஆயிஷா பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, தாம்பரத்துக்கு அப்பாலிருந்த எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். கணவர் ஜமால் பாய்க்குப் படப்பையில் டைல்ஸ் கடை. வீடு இரும்புலியூரில்.

டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ் என்ற பாடம் இல்லாதிருந்தால் நானும் அவரும் நெருங்கியிருக்கவே மாட்டோம். முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டார். "இது நடந்தால் அது நடக்கும்" என்ற வகை வாக்கியத்தை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். முதல் பாதி பொய்யாக இருந்தால் முழு வாக்கியமும் உண்மை என்றே கொள்ள வேண்டும் என்றார். "மழை வந்தா குடை எடுப்பேன்னு சொல்றேன். மழையே வரலை. அப்ப நான் பொய் சொன்னதா ஆகாது, இல்லையா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "உண்மை சொன்னதாவும் ஆகலையே சார்?"

அது அப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆசிரியர். "எடுத்துக்கறேன் சார். எதுக்காக அப்படி வச்சாங்கன்னு சொல்லிட்டீங்கன்னா இன்னும் நல்லா எடுத்துக்குவேன்" என்றார் அக்கா. அந்த வகுப்பு அதோடு முடிந்தது. அடுத்த வகுப்பும் அதிலேயே போயிற்று. பின்வரிசையில் பையன்கள் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார்கள். கடைசியில் ஆசிரியர் என்னை நடைபாதையில் மடக்கி, "நீ அவங்க பக்கத்துல உக்காரும்மா. சந்தேகம் வந்தா முதல்ல உன்கிட்ட கேக்கட்டும்" என்றார். நன்றாக மதிப்பெண் வாங்குகிற பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை அது.

அப்படித்தான் சனிக்கிழமைகளில் அஸ்தினாபுரத்திலிருந்து இரும்புலியூருக்குப் போகத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் நான் மனப்பாடம் செய்துவிடும் ஒரு தேற்றம் அவருக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டும். நோட்டில் எழுதிய வரியை அடித்துவிட்டு, "இங்கேருந்து இங்க எப்படி வந்தோம்?" என்பார். "வந்துட்டோம் இல்ல, விடுங்களேன்" என்பேன். விடமாட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வரும் ஜமால் பாய் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டுப் போய்விடுவார்.

ஒரு முறை உறவுகள் என்ற பாடம். மனிதர்களை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். எனக்கு நீங்கள் உறவு என்றால் உங்களுக்கு நானும் உறவு. எனக்கு நீங்களும் உங்களுக்கு முரளியும் உறவு என்றால் எனக்கு முரளியும் உறவு. மூன்றாவதாக, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே உறவு. இந்த மூன்றும் பொருந்தினால் அது சமான உறவு. அவர் உடனே பிடித்துக்கொண்டார். "எனக்கு நீ உறவு, உனக்கு நான் உறவு. அப்ப ரெண்டாவது விதிப்படி எனக்கு நானே உறவுன்னு தானா வந்துடுதே. மூணாவது விதி எதுக்கு?" "புக்ல மூணு போட்டிருக்கு, மூணையும் எழுதுங்க" என்று கத்திவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. "வசந்தி, யாரோடயும் உறவே இல்லாத ஒரு ஆள் இருந்தா? அவங்களுக்கு 'நீ உறவு'ன்னு ஆரம்பிக்கவே ஆள் இல்ல. அதனால அவங்க தனக்குத் தானே உறவுன்னும் வராது. அவங்களுக்காகத்தான் மூணாவது விதி." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். 'உறவே இல்லாத ஆளா?' என்று நான் திருப்பிக் கேட்டது காதில் விழுந்திருக்க வேண்டும்; போனை வைத்ததும் அம்மா, யாருக்குச் சொந்தபந்தம் இல்லையாம், பெண்ணுக்கா மாப்பிள்ளைக்கா என்று விசாரித்தார்.

பருவத் தேர்வு வந்தது. வினாத்தாளில் ஒரு பெரிய கேள்வி: முதல் இரண்டு விதிகளும் பொருந்தும் உறவில் மூன்றாவதும் பொருந்தும் என்று நிரூபிக்க. யாரோ தவறாகக் கேட்டுவிட்டார்கள். நிரூபிக்க முடியாத ஒன்று அது என்று அந்தக் கூடத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருக்கும். நான் அதைத் தொடாமல், 'அல்லது' என்று கீழே கொடுத்திருந்த மாற்றுக் கேள்வியை எழுதினேன். அக்காவுக்கும் அந்த மாற்றுக் கேள்வி தண்ணீர் பட்ட பாடு. அவர் எழுதவில்லை. "இந்தக் கூற்று தவறு" என்று தொடங்கி, உறவில்லாத அந்த ஆளை உதாரணம் காட்டி, ஒரு தரம் போதாதென்று வேறு வேறு வழிகளில் அது ஏன் தவறு என்று பக்கம் பக்கமாக விளக்கினார். அதில் நேரம் போய், கடைசிப் பகுதியை எழுதாமலே தாளைக் கொடுத்துவிட்டார்.

அரியர் விழுந்தது. அந்தக் கேள்விக்கு நான்கு வரியில் பொய் நிரூபணம் எழுதிய முரளி பாஸ். அக்கா மறுமதிப்பீட்டுக்குப் போட்டார்; மதிப்பெண்ணில் மாற்றமில்லை என்று வந்தது. அடுத்த முறை எழுதப் போனவர் வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டு மீண்டும் அரியர் வாங்கினார். அந்தச் சமயத்தில்தான் வளாக நேர்காணலுக்கு ஒரு பெரிய நிறுவனம் வந்தது. அரியர் உள்ளவர்கள் உள்ளே வர வேண்டாம் என்றார்கள். எங்கள் வகுப்பிலேயே பாடம் உண்மையில் புரிந்த ஒரே ஆள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை கிடைத்தது.

அன்று மாலை தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் அவரை நிறுத்தி வைத்துச் சண்டை போட்டேன். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். தரையில் கடை விரித்திருந்த பழக்காரி ஒருத்தி, "இன்னாம்மா, வழில நின்னுகினு" என்று எங்களை நகர்த்தினாள். வினாத்தாளில் கீழேயே இன்னொரு கேள்வி இருந்ததே, அதை எழுதித் தொலைத்திருந்தால் இன்று நம் இரண்டு பேருக்கும் வேலை என்றேன். அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"தப்பான ஒண்ணை நிரூபின்னு அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க. அதைப் பார்த்துட்டும் பார்க்காத மாதிரி தாண்டிப் போக எனக்கு வரலை வசந்தி. உனக்கு வருது. அதுல தப்பில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

மூன்றாம் முறை தேறினார். குரோம்பேட்டையில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனியில் அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே கதைதான். வாடிக்கையாளரே வராத நாளில் சராசரி விற்பனை எவ்வளவு என்று போட்டுப் பார்ப்பார்; பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாமல் மென்பொருள் விறைத்து நிற்கும். "ஆளே வராத கடைக்கு யாரு மேடம் பில் போடுறாங்க?" என்று முதலாளி புலம்புவார். திருத்தி முடிக்கும்வரை சரக்கு வெளியே போகாது. என்னிடம் ஒரு முறை அந்த முதலாளியே சொன்னார்: அவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்று மாதம் ஒரு தரம் தோன்றும், ஆனால் அவர் லீவு போட்டால் எதையும் அனுப்பக் கை வராது.

சென்ற ஆண்டு மார்பில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. ஜமால் பாயிடம்கூட வெகு தாமதமாகத்தான் சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் எனக்குச் செய்தி தெரிந்து ஓடிப்போய், ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "ரிப்போர்ட் வராம எப்படிச் சொல்றது? வெறும் சந்தேகத்தை வச்சு உங்களை எல்லாம் பயமுறுத்தச் சொல்றியா?" என்றார். ஊர் உலகத்தில் எல்லாரிடமும் சந்தேகத்தைத் தயங்காமல் கேட்ட மனுஷி, கேட்டே ஆக வேண்டிய ஒரு சந்தேகத்தை மட்டும் மாதக்கணக்கில் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இதற்கு நான் கோபப்படாமல் வேறென்ன செய்ய.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். தலையில் துணி கட்டி, சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "எல்லாம் சரியாயிடும் அக்கா" என்றேன். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எதை வச்சுச் சொல்ற?" என்றார் எதிர்பார்த்தபடியே.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பரவாயில்ல. இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். மறுப்பு வரவில்லை. நான் பயந்துபோனது அப்போதுதான்.

வியாழனன்று மதியத் தொழுகைக்குப் பின் ஜனாஸாவை எடுத்தார்கள். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை என்பதால் ஆயிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்றேன். அடக்கத் தலத்துக்குப் போக ஜிஎஸ்டி சாலையைக் கடந்தாக வேண்டும். லாரிகளும் கம்பெனி வேன்களும் விடுகிற வழியாக இல்லை. தோள்மாற்றித் தோள்மாற்றி அத்தனை பேரும் வெயிலில் காத்து நின்றார்கள். கடைசியில் ஒரு மாநகரப் பேருந்தின் ஓட்டுநர் வண்டியைச் சாலையின் குறுக்கே சாய்த்து நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டி அவசரமில்லாமல் சாலையைக் கடந்து, அந்தப் பக்கத்து மனிதர்களுக்குள் மறைந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை அக்கா. தீரவும் வேண்டாம். போய் வாருங்கள்.