ஒப்பந்தம் முடிய இன்னும் முப்பத்தெட்டு நாள்

முப்பத்திரண்டு வருஷம் ஒரே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர் அவர். நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, ம், இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே தெருவில் மூச்சக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில் அப்பா படுக்கையில் விழுந்தார், பிறகு அம்மா. இருவரையும் கடைசிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது ஓய்வு பெறும் வயது வந்திருந்தது.

"அவ்ளோ பெரிய வீட்டுல தனியா என்னக்கா பண்றே? வித்துட்டு எங்க பக்கமா வந்துடு" என்று தங்கை போனில் நச்சரித்தாள். இரண்டு வருஷம் பிடி கொடுக்காமல் பேசிய அக்கா, ஒரு நாள் சரி என்றார்.

வீட்டு ஏஜென்ட் வந்தார். முன்பு மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தவர். பேச்சு பதவிசாக இருக்கும். ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போட்டோ எடுத்தார். பிறகு ஒப்பந்தத்தை நீட்டினார். நான்கு மாதம். அதற்குள் யார் வாங்கினாலும், அக்காவே ஆளைப் பிடித்து வந்தாலும், ஏஜென்ட்டுக்குக் கமிஷன் உண்டு.

"இந்தப் பக்கத்த மட்டும் நிதானமா படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க மேடம். பின்னாடி மனஸ்தாபம் வரக் கூடாது."

படித்துவிட்டுத்தான் போட்டார்.

பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இத இடிச்சிட்டா நல்லா விசாலமா இருக்கும்" என்றார். தன் முதுகில் தட்டியதுபோல இருந்தது அக்காவுக்கு.

ஒரு சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் நரைத்த தலையோடு ஒருவர், மடக்கிய குடையுடன்.

"என்னத் தெரியுதுங்களா? உங்க மாடி ரூம்ல ரெண்டு வருஷம் குடியிருந்தேன். கட்டட வரைபடம் போடற வேலை."

தெரியாமல் என்ன. மாடியிலிருந்து இறங்கும்போது கடைசி இரண்டு படியைத் தாண்டிக் குதிப்பார் என்பதுவரை தெரியும். வேலை மாற்றலாகிப் போன அன்று, சாவியை அக்காவின் கையில் கொடுத்து, "வரேங்க" என்றார். எல்லோரும் சொல்லும் வார்த்தைதான். அக்கா அதை ஒரு வருஷம்போல நம்பிக்கொண்டிருந்தார். அதற்கு இப்போது முப்பது வருஷம் ஆகிவிட்டது.

வரைபடக்காரர் வீட்டின் போட்டோவை இணையத்தில் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். தானும் மனைவியும் இருக்க இந்த வீட்டையே வாங்க ஆசை என்றார்.

"ஏஜென்ட்டுக்கு நான் போன் பண்ணல. நடுவுல ஒரு ஆள் எதுக்கு? நம்ம தெரிஞ்சவங்கதானே."

அந்த 'நம்ம' அக்காவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார்.

"எப்ப முடியுதுங்க?"

"இன்னும் முப்பத்தெட்டு நாள்."

"அதுவரைக்கும் பொறுத்துக்கலாமா?"

அக்கா தலையாட்டினார். கமிஷன் மிச்சமாகும் என்பதற்காக இல்லை. முப்பத்தெட்டு நாளில் ஐந்து சனிக்கிழமை வருகிறது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வரைபடக்காரர் அளவு நாடாவோடு வந்தார். அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஏஜென்ட் இதற்கிடையில் ஓர் ஆசிரியத் தம்பதியை அழைத்து வந்தார். வீடு பிடித்துப்போய், கேட்ட விலைக்கே ஒத்துக்கொள்ளும் முகத்தோடு நின்றார்கள். "மழை வந்தா இந்த மூலைல ஒழுகும்" என்றார் அக்கா. அந்த மூலை ஒரு நாளும் ஒழுகியதில்லை. தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். பின்னாலேயே சமாதானம் சொல்லிக்கொண்டு போன ஏஜென்ட், ஷூ உறையைக் கழற்ற மறந்து தெருமுனைவரை அப்படியே நடந்தார். அவர் திரும்பி மறையும்வரை அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார்.

அந்த ஐந்தில் நான்காவது சனிக்கிழமை, வரைபடக்காரரும் அக்காவும் மாடியறையில் நின்றார்கள். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுவிட்டார்.

"இங்கேர்ந்து போன பிறகு எப்பவாவது நெனச்சதுண்டா?"

"நெனைக்காத நாளில்லீங்க" என்றார் அவர். "இந்த ஜன்னல், காலை வெளிச்சம், மழை பெஞ்சா பக்கத்துத் தகரத்துல கேக்கற சத்தம். அப்படியொரு தூக்கம் அப்புறம் எங்கயுமே வரல. அவளுக்கு முட்டி வலி, அதனால கட்டில கீழ போட்டுட்டு, மாடிய நான் வரையறதுக்கு வெச்சுக்கலாம்னு இருக்கேன்."

அவருக்கும் முப்பது வருஷ ஏக்கம்தான். வீட்டின் மேல்.

அவர் போனதும் அக்கா ஏஜென்ட்டைக் கூப்பிட்டார்.

"அந்த மூலை ஒழுகாதுங்க. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் மேடம். நல்ல மழைல ரெண்டு தடவை வந்திருக்கேனே. ஒண்ணு, வேற ஆள் இருக்கணும், இல்லன்னா உங்களுக்கு விக்க மனசில்லாம இருக்கணும். எதுன்னுதான் புரியல."

"ரெண்டும்தான்" என்றார் அக்கா. எல்லாவற்றையும் சொன்னார். எல்லாவற்றையும் என்றால், மாடியறைக் கேள்வியைத் தவிர.

ஏஜென்ட் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, தான் தேடிப் பிடித்த ஆள் இல்லை என்பதால் பாதிக் கமிஷன் போதும் என்றார். பத்திர வேலையையும் தானே பார்த்துக்கொடுத்தார். வரைபடக்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

"இன்னும் பத்து நாள்தானே, பொறுத்திருக்கலாமே?"

"என்னால முடியலீங்க" என்றார் அக்கா. "கமிஷன் நான் குடுக்கறேன். அது என் கையெழுத்து."

பதிவு அலுவலகத்தில் அவருடைய மனைவியை முதல்முறையாகப் பார்த்தார். கைத்தடி ஊன்றி வந்த அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள எனக்கு நல்லாத் தெரியும். நைட் டூட்டி முடிஞ்சு விடியக்காலைல வந்தா, மாடில இருக்கறவர் முழிச்சிடக் கூடாதுன்னு கேட்டைச் சத்தமில்லாம சாத்துவீங்களாமே. நான் கதவ டமால்னு சாத்தினா போதும், உங்க பேச்ச எடுத்துடுவார்."

வரைபடக்காரர் சட்டைப்பையில் பேனா தேடிக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டே இருந்தார். சத்தமில்லாமல் சாத்தியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அக்கா கேட்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

தங்கை வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில், இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. குடிபோன இரண்டாம் வாரம் வரைபடக்காரரிடமிருந்து போன் வந்தது.

"தொட்டிக்குத் தண்ணி ஏத்தற சுவிட்ச் எதுங்க? வரிசையா மூணு இருக்கு."

"நடுவுல இருக்கறது. போட்டதும் ஓடாது, கொஞ்சம் பொறுக்கணும்."

இருவரும் பொறுத்தார்கள். சிறிது நேரத்தில் போனுக்குள் மோட்டார் முனகி, இருமி, ஓட ஆரம்பித்தது.

"ஓடுதுங்க" என்றார் அவர்.

"கேக்குது" என்றார் அக்கா.

தொட்டி நிரம்ப இருபது நிமிஷம் ஆகும் என்பதையும் சொன்னார்.