சவரியப்பனுக்குக் கொடுக்காத மாத்திரைகள்

குணமாகாத நோயாளிக்கு வலி அடக்கும் மார்பின் மாத்திரை கொடுக்கப் பயப்படக் கூடாது, வலி வரும்வரை காத்திராமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று, ஓசூர் பக்கத்து பார்மசி கல்லூரியில் பதினோரு வருடமாகப் பாடம் நடத்தியவள் அனிட்டா.

அவள் கணவர் சவரியப்பனுக்குப் புற்றுநோய் இடுப்பெலும்புவரை பரவிவிட்டது. லேத் பட்டறையில் நாள் முழுக்க நின்ற மனிதர், புரளவும் முடியாமல் கிடந்தார். அந்த மாத்திரை கடைகளில் கிடைக்காது. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும். போன மாதம் அங்கேயும் இருப்பில்லாமல் ஐந்து நாள் அலையவிட்டார்கள். அந்த ஐந்து நாளும் அவர் துடித்ததைப் பார்த்தவள், மறுபடி தீர்ந்துவிடக் கூடாது என்று, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்றிருந்ததை எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக்கினாள். மிச்சத்தை அலமாரியில் ஒளித்தாள்.

"இன்னும் டைம் ஆவலையா அனிட்டா?" என்பார் அவர், தலையணை நுனியைக் கடித்தபடி.

"ஆவலைங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

லீவில் இருந்தவளிடம் விடைத்தாள்களைக் கொடுக்க வந்த மாணவி பிரவீனா, உள்ளே கேட்ட முனகலில் மிரண்டு போனாள்.

"சாருக்கு எவ்ளோ நேரத்துக்கு ஒருதரம் மேடம் குடுக்கறீங்க?"

"எட்டு மணி நேரம்."

"நாலுன்னு நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க..."

"தீந்து போச்சுன்னா? நீ வந்து பக்கத்துல உக்காருவியா?" என்று கத்தியவள் அப்படியே உடைந்து அழுதாள்.

அன்று முதல் ஒளித்ததையும் எடுத்துச் சரியாகக் கொடுத்தாள். ஒரு வாரம் சவரியப்பன் தூங்கினார், ரசம் சோறு சாப்பிட்டார், பட்டறை ஆட்களைப் பற்றி விசாரித்தார். வெள்ளிக்கிழமை மாத்திரை தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், இருப்பில்லை, திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். சனியும் ஞாயிறும் அவர் அலறியது தெருக்கோடிவரை கேட்டது. திங்களன்று பிரவீனாவை அவரருகே உட்கார வைத்துவிட்டு அனிட்டா பஸ் ஏறினாள். மாத்திரையோடு, மாநில எல்லையில் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டித் திரும்பியபோது அவருக்கு விழுங்கத் தெம்பில்லை. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். புதன்கிழமை போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து, வகுப்பில் அதே பாடம். ஒளித்து வைத்ததை மறைக்காமல் சொன்னாள். "அவர் பட்டதுல பாதி நோயால இல்ல. என்னால."

கடைசி பெஞ்சிலிருந்து ரோஷன் எழுந்தான். "ஸ்டாக்கே இல்லன்னா என்ன மேடம் பண்றது?"

நாற்பது பேரும் எழுதிக்கொள்ளப் பேனாவோடு காத்திருந்தார்கள்.

"தெரியலப்பா" என்றாள் அனிட்டா.