நாற்றத் தலையணை

விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "உனக்கென்ன கவலை? தமிழ்நாட்டுக்குத்தானே போற, நம்ம ஊரு!" நான் பினாங்கில் பிறந்தவள். என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். பார்க்காத ஊர் எனக்கு எப்படி நம்ம ஊர் ஆகும்? ஸ்ரீபெரும்புதூரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தொழிற்சாலைக்கு என் கணவரை இரண்டு வருடத்துக்கு அனுப்பினார்கள். கூடவே நானும், இரண்டு வயது முடியாத மகளும் வந்து இறங்கினோம்.

மொழி தெரியாத ஊரில் தடுமாறினால் ஐயோ பாவம் என்பார்கள். இங்கே நான் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். கீழ்வீட்டு அம்மாவிடம் ஒருநாள் காலை "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். காலையில் ஒருவரைப் பார்த்தால் நாங்கள் கேட்பது அதுதான். அவர் தன் மகளைக் கூவி அழைத்து, "இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது பாரேன்" என்று என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதோடு நான் யாரிடமும் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டேன். கணவர் வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை லாரி ஹாரன், வாலாஜாபாத் சாலைப் புழுதி, நான், மகள். பேச ஆளில்லாமல் அந்தச் சின்னதோடு சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தேன்.

அதனால் அதே கம்பெனியின் கணக்குப் பிரிவில் எனக்கொரு இடம் இருக்கிறது என்றதும் விழுந்தடித்துக்கொண்டு சரி என்றேன். இன்னும் கொஞ்ச நாள் அந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கும். ஆனால் பிள்ளையை எங்கே விடுவது? ஒரு பள்ளியில் மூன்று வயது ஆகட்டும் என்றார்கள். இன்னொன்றில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "நீங்க இன்னா ஆளுங்கமா?" என்றார். "தமிழர்" என்றேன். "அது தெரியுது. இன்னா ஆளுங்க?" அவர் கேட்பது சாதியை என்று எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமானது. உறைத்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கணவர் கறாராகச் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் பாப்போம். பிள்ளை ஒரு இடத்துல அழாம நிலைக்கலன்னா நீ வேலைய விட்டுடணும்."

கடைசியில் அகப்பட்டவர் ஓர் அக்கா. சேரப்பணஞ்சேரிக்காரர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்துகொண்டு, ஷிஃப்டுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வாய் ஓயாத மனுஷி. சுத்தமோ அப்படியொரு சுத்தம், அவர் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம்.

மகளோடு அவள் தலையணையும் அங்கே போனது. பினாங்கில் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருக்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமே கிடையாது. நாற்றத் தலையணை என்றுதான் அதற்குப் பெயரே. துவைக்கவே கூடாது, வாடை போய்விட்டால் பிள்ளை தூங்காது. மகளுடையது என் அம்மாவின் பழைய கைலித் துணியில் தைத்தது. எச்சிலும் பாலும் வேர்வையும் ஊறி நிறமே தெரியாமல் போயிருந்தது. அவள் தூங்கியதும் மெல்ல உருவி நானும் முகர்ந்துகொள்வேன். அத்தனை எச்சிலுக்கும் அடியில் அம்மாவின் அலமாரி வாடை, பாண்டான் என்ற வாசனை இலையும் தைலமும் கலந்து, இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. டெலிஃபோன் பூத்தில் போய் பினாங்கிலிருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டால் நலமா, நலம் என்பதற்குள் மீட்டர் ஓடிவிடும். தலையணைக்கு மீட்டர் கிடையாது.

"இத்தப் போய் ஏம்மா தூக்கிகினு வர்றீங்க? நாய்கூட மோந்து பாக்காது" என்றார் அக்கா.

"இது இல்லாம தூங்க மாட்டா, அக்கா. தயவுசெஞ்சு துவைச்சிடாதீங்க."

"சத்தியமா துவைக்க மாட்டேன், போமா."

முதல் வாரம் மகள் தொண்டை கட்டும்வரை அழுதாள். பிறகு பகலில் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். எழுந்ததும் மறுபடி அழுகை. பொங்கல் நெருங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு சாயங்காலம், தோளில் தூங்கிப்போனவளைத் தூக்கிவந்த அவசரத்தில் தலையணையை அங்கேயே விட்டுவிட்டேன். நல்லவேளை, விடியும்வரை அவள் விழிக்கவே இல்லை.

மறுநாள் போகி. எங்கள் வீட்டில் போகிக்கு வீட்டைக் கழுவிவிடுவோம், அவ்வளவுதான். இங்கே தெருவே புகைந்தது. லைன் வீடுகளுக்கு முன்னால் பாயும் துடைப்பமும் டயரும் எரிந்து அடங்கியிருந்தன. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக, மஞ்சள் பூப்போட்ட புதுத் தலையணையோடு வாசலுக்கு வந்தார்.

"பாப்பாவுக்கு நானே தச்சேன். அந்தப் பீடைய போகில போட்டுட்டேன்மா. பழசு வூட்ல இருக்கக் கூடாது."

"யாரைக் கேட்டு எரிச்சீங்க? யாரைக் கேட்டு?" என்று தெருவே அதிரக் கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். அக்கா வெலவெலத்துப் போய், "துவைக்காதன்னுதானேமா சொன்னீங்க" என்றார். பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "உங்க ஊர்ல போகி இல்லியா?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் மகளை அவரிடமே விட்டுவிட்டு, இன்றோடு என் வேலைக்கு முழுக்கு என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். கணக்கில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. மதியம் தலைவலி என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன்.

தெருமுனையிலேயே காதைத் தீட்டிக்கொண்டேன். அழுகைச் சத்தம் இல்லை. அக்கா கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மகள். அவருடைய முந்தானையைப் பிடியாகப் பிடித்து, மூக்கோடு அழுத்திக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். புதுத் தலையணை ஓரமாகக் கிடந்தது.

"அத்தத் தொடவே இல்லமா. அழுதுச்சு, அழுதுச்சு, அப்பறம் இத்தப் புடிச்சிகினு கம்முனு தூங்கிடுச்சு" என்று கிசுகிசுத்தார். காலையில் நான் கத்திய கத்தலுக்கு அவர் முகத்தில் துளிக் கோபம் இல்லை.

நிலைத்துவிட்டாள். வேலை தப்பித்தது. அப்பாடா என்றிருந்திருக்க வேண்டும். நான் தெருவில் இறங்கி, ஒரு துடைப்பக் குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறினேன். டயர் கம்பியும் கரியும் வந்தன. குனிந்து முகர்ந்தேன். ரப்பர் நாற்றம்.

"இன்னாமா தேடுறீங்க?" என்று அக்கா உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "அதான் பாப்பா தூங்கிடுச்சே."

"ஆமாக்கா, தூங்கிட்டா" என்றேன். எனக்கு இனிமேல் முகர்ந்து பார்க்க ஒன்றுமில்லை என்பதை அந்த ஊரில் யாரிடம், எந்தத் தமிழில் சொல்வது?